டெவலப்பர் ஆக வேண்டுமா? பின்னோக்கிக் கணக்குப் போடப் பழகுங்கள்

ரியல் எஸ்டேட் டெவலப்பர் என்றால் கட்டடம் கட்டுபவர் என்றே பலர் நினைக்கிறார்கள். கட்டுவது காண்ட்ராக்டர், வரைவது ஆர்க்கிடெக்ட். டெவலப்பரின் வேலை வேறு. ஒரு நிலத்தில் என்ன கட்டலாம், யாருக்கு விற்கலாம், அப்படியானால் நிலத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம் என்று முடிவெடுக்க வேண்டும். அதற்கான பணத்தையும் ஆட்களையும் திரட்ட வேண்டும். நஷ்டம் வந்தால் முதல் ஆளாகத் தாங்கவும் வேண்டும். இந்தத் துறையில் வளர நினைப்பவர் முதலில் கற்க வேண்டியது அந்த நிலக் கணக்கைத்தான்.

கணக்கு விற்பனையில் தொடங்கிப் பின்னோக்கி வரும். மனை 1,000 சதுர மீட்டர், அனுமதிக்கப்பட்ட எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு) 2 என்று வைத்துக்கொள்வோம். கட்டக்கூடியது 2,000 சதுர மீட்டர். படிக்கட்டு, லிஃப்ட், பொது வழி போக விற்கக்கூடியது 80 சதவீதம், அதாவது 1,600. சதுர மீட்டர் 100 என்று (எந்தப் பண அலகானாலும் சரி) விற்றால் மொத்த வரவு 1,60,000. சதவீதங்கள் இடத்துக்கு இடம் மாறும், முறை மாறாது. வரவிலிருந்து கழிக்க வேண்டியவை:

கட்டுமானம், 2,000 × 40: 80,000
வாகன நிறுத்தத் தளம், 500 × 20: 10,000
வடிவமைப்பு, அனுமதி, மேற்பார்வை, மேலே உள்ள இரண்டின் கூட்டுத்தொகையில் 8%: 7,200
எதிர்பாராச் செலவு, அதே கூட்டுத்தொகையில் 5%: 4,500
விளம்பரம், தரகு, வரவில் 3%: 4,800
வட்டி: 10,170
லாபம், வரவில் 18%: 28,800

வட்டியை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். கட்டுமானம் 24 மாதம், ஆண்டு வட்டி 10%. முதல் மூன்று வரிகளும் எதிர்பாராச் செலவும் சேர்ந்து 1,01,700. இந்தப் பணம் ஒரே நாளில் வெளியே போவதில்லை, படிப்படியாகப் போகிறது. அதனால் பாதித் தொகைக்கு இரண்டு ஆண்டு வட்டி போடுவது தோராய வழக்கம். முன்பதிவில் வரும் பணத்தை இந்த முதல் கணக்கில் சேர்க்காதீர்கள். வந்தால் அது கூடுதல் பலம்.

எல்லாம் கழித்தால் மிச்சம் 14,530. இதையும் அப்படியே நில உரிமையாளரிடம் கொடுத்துவிட முடியாது. பதிவுச் செலவு 7%, நிலத்தில் முடங்கும் பணத்துக்கு, கட்டுமானத்துக்கு வெளியே ஆகும் காலத்தையும் சேர்த்து, இரண்டரை ஆண்டு வட்டி 25% என்றால், 14,530-ஐ 1.07-ஆலும் 1.25-ஆலும் வகுக்க வேண்டும். கிடைப்பது ஏறத்தாழ 10,860. அதுதான் உச்சவரம்பு. பேரம் அதற்குக் கீழேதான் நடக்க வேண்டும்.

இப்போது விற்பனை விலையை மட்டும் 5% குறைத்துப் போட்டுப் பாருங்கள். நிலத்துக்குக் கொடுக்கக்கூடிய விலை சுமார் 6,140-க்கு இறங்கிவிடும், 43 சதவீதத்துக்கும் மேல் வீழ்ச்சி. நிலத்தை ஏற்கெனவே 10,860-க்கு வாங்கிவிட்டிருந்தால் அடி லாபத்தில் விழும்: 28,800 என்பது 21,040 ஆகும். விற்கக்கூடிய பரப்பு 80 சதவீதத்திலிருந்து 76 ஆனாலும் இதே விளைவுதான். சந்தை சரிந்தாலும் சரி, வரைபடத்தில் பொது வழி தேவைக்கு மேல் அகன்றாலும் சரி, தாளில் ஒரே எண்தான் அடிபடுகிறது. அதனால்தான் வரைபடம் வாசிக்கத் தெரியாதவர் இந்தத் தொழிலில் வளர்வது கடினம்.

வாகன நிறுத்தத் தளத்தில் இது கண்கூடாகத் தெரியும். ஒரு காருக்கு 2.5 × 5 மீட்டர் என்றால், தூண்களுக்கு இடையே மூன்று கார் நிற்க 7.5 மீட்டர் தெளிவான இடைவெளி வேண்டும். செங்குத்தாக நிறுத்தும் கார்களுக்கு நடுவே ஏறத்தாழ 6 மீட்டர் ஓடுபாதையும் வேண்டும். மேல்தளத்து அறைகளை மட்டும் பார்த்துத் தூண் வைத்தால், கீழே ஒரு தூண் காரின் இடத்துக்குள் வந்து நிற்கும். வீட்டுக்கு ஒரு நிறுத்துமிடம் கட்டாயம் என்ற விதி இருக்கும் இடத்தில், ஓர் இடம் போனால் ஒரு வீடே போகிறது. ஆகவே வரைபடம் கைக்கு வந்ததும் முதலில் கீழ்த்தளத்தைத் திறந்து பாருங்கள், வரவேற்பறையின் அழகைப் பிறகு பார்க்கலாம்.

தாமதமும் எல்லாக் கட்டத்திலும் ஒரே அளவு வலிப்பதில்லை. வேலை தொடங்கும் முன் ஓராண்டு நின்றால் நிலத்தின் வட்டி மட்டும், ஏறத்தாழ 1,160. கட்டி முடித்தபின் ஓராண்டு நின்றால் அதோடு கட்டுமானப் பணம் முழுவதுக்கும் வட்டி, இன்னொரு 10,170. கடைசிக் கட்டத்தில் கட்டடத்தை நிறுத்திவைப்பவை பெரும்பாலும் சின்ன விஷயங்கள்: மின் இணைப்புக்கு டிரான்ஸ்ஃபார்மர் இடம் ஒதுக்காதது, கழிவுநீர்க் குழாயின் மட்டம் தெருக் குழாயைவிடத் தாழ்ந்திருப்பது, தீயணைப்பு வண்டி திரும்ப வழியில்லாதது. இவற்றை நிலம் வாங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வேலையில் சேர எந்தப் படிப்பும் தடையில்லை. சிவில், நிதி, சட்டம், விற்பனை என எந்தக் கதவு வழியாகவும் வரலாம். முதல் வேலைக்குச் சிறிய நிறுவனமே நல்லது. நிலம், அனுமதி, டெண்டர், விற்பனை என எல்லாக் கோப்பும் ஒரே மேசையைக் கடந்து போகும். பெரிய நிறுவனத்தில் ஒழுங்குமுறை கற்கலாம், ஆனால் மூன்று ஆண்டுகள் ஒரே துறையில் அடைபட்டுவிடும் ஆபத்து உண்டு. இன்ஜினியர்கள் ஆறு மாதமாவது விற்பனையில் உட்கார வேண்டும், எந்த வீடு விற்காமல் தேங்குகிறது, ஏன் என்பது அங்கேதான் புரியும். நிதிக்காரர்கள் அந்தக் காலத்தைச் சைட்டில் கழிக்க வேண்டும். வாராந்திரக் கூட்டத்தின் குறிப்பெழுதும் வேலையை யாரும் விரும்புவதில்லை. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யார் எதை எந்தத் தேதிக்குள் முடிப்பதாகச் சொன்னார் என்பதை எழுதி வைப்பவருக்குத் திட்டம் முழுவதும் தெரிந்திருக்கும். கூடவே வாரம் ஒரு நிலமாவது எடுத்து மேலே உள்ள கணக்கைப் போட்டுவையுங்கள். வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஓராண்டில் ஐம்பது நிலம் கடந்த கை, தரகர் சொல்லும் விலையைக் கேட்டதுமே கூடுதலா என்று உணரும்.

சொந்தமாக முதல் திட்டம் எடுக்கும்போது, நிலத்தை முழுப் பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. உரிமையாளர் நிலம் தர, நீங்கள் கட்ட, வீடுகளை விகிதப்படி பிரித்துக்கொள்ளும் கூட்டு ஒப்பந்தம் புதியவருக்கு ஏற்றது. சதவீதத்தில் மட்டும் நிற்காமல், எந்தத் தளத்து எந்த வீடு யாருக்கு என்று வரைபடத்தில் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும், கூடுதல் பரப்பு கிடைத்தால் யாருக்குச் சேரும், உரிமையாளர் இறந்தால் வாரிசுகள் கட்டுப்படுவார்களா என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வில்லங்கம் பார்ப்பதை வக்கீலிடம் விடுங்கள், ஆனால் நிலத்தை அளப்பவரோடு நீங்களும் போய் நில்லுங்கள். பத்திரத்தில் உள்ள அளவும் வேலிக்குள் உள்ள அளவும் பொருந்தாத மனைகள் நிறைய.

பணத்தில் இரண்டு தவறுகள்தான் பெரும்பாலானவர்களை வீழ்த்துகின்றன. குறுகிய காலக் கடனில் நிலம் வாங்குவது ஒன்று. ஒரு திட்டத்தில் வாங்கியவர்களின் பணத்தை அடுத்த திட்டத்தின் நிலத்தில் போடுவது மற்றொன்று. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். கடனையும் முன்விற்பனையையும் நம்பி வளர்ந்த சீனாவின் ரியல் எஸ்டேட் நிறுவனமான எவர்கிராண்ட் 2021-ல் கடன் தவணை தவறியது. 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது. அளவு சிறிதானாலும் விழும் விதம் அதுவே.

சாவி ஒப்படைத்ததும் கோப்பை மூடிவிடாதீர்கள். முதல் நாள் எஸ்டிமேட்டையும் அசல் செலவையும் வரிக்கு வரி பக்கத்தில் வையுங்கள்: சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ கம்பி, எவ்வளவு கான்கிரீட், அனுமதிக்கு எத்தனை நாள், கடைசி மூன்று வீடு விற்க எத்தனை மாதம். அடுத்த நிலத்தின் தாளில் போட வேண்டிய எண்கள் இவைதான்.