கண் சொட்டு மருந்தில் போரிக் ஆசிட்: அட்டையைப் பார்த்து வாங்குவது எப்படி?

திண்டுக்கல்லில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் 19 வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். மெட்ராஸ் ஐ பரவும் மாதங்களில் தவறாமல் யாராவது வந்து "போரிக் பவுடர் குடுங்க" என்பார்கள். எதற்கு என்று கேட்பேன். கேரம் போர்டில் தூவ என்றால் எடுத்துக் கொடுப்பேன். கண் கழுவ என்றால் கொடுக்க மாட்டேன்.

போன மழைக்காலத்தில் ஒரு அக்கா விடவில்லை. தன் பையிலிருந்த சொட்டு மருந்தின் காகிதத்தைப் பிரித்துக் காட்டி, "இதுலயும் போரிக் ஆசிட்னுதானே போட்டிருக்கு? இது மட்டும் கண்ணுக்கு ஆகுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்று கடையில் கூட்டம், பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கே தேடுவது என்று பார்ப்போம். நம் ஊர் அட்டைப் பெட்டிகளில் பெரும்பாலும் முக்கிய மருந்தும், கெடாமல் காக்கும் பொருளும் மட்டுமே அளவோடு இருக்கும். மற்றதெல்லாம் 'தேவையான அளவு' என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அதனால் உள்ளே மடித்து வைத்திருக்கும் காகிதத்தைப் பிரியுங்கள். போரிக் ஆசிட், சோடியம் போரேட், சோடியம் டெட்ராபோரேட், போராக்ஸ் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் ஒரே குடும்பம்தான், பொதுவாகப் போரேட் என்பார்கள். போராக்ஸ் வேறொன்றுமில்லை, நகைப் பட்டறையில் பற்றவைக்கப் பயன்படும் வெங்காரம்.

சரி, அது அங்கே என்ன செய்கிறது? கண்ணீரின் பிஎச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, ஏறக்குறைய 7.4. மருந்து அதிலிருந்து ரொம்ப விலகினால் கண் எரியும். போரிக் ஆசிட்டோடு கொஞ்சம் போராக்ஸ் சேர்த்தால் மருந்து புட்டியில் இருக்கும்வரை அந்த அளவை ஒட்டியே நிற்கும். ஆனால் அந்தப் பிடி இறுக்கமானது இல்லை. கண்ணில் விழுந்ததும் கண்ணீர் சீக்கிரமே அதைத் தன் வழிக்குக் கொண்டுவந்துவிடும். கண்ணுக்கு இதுதான் நல்லது. உப்புச் செறிவைக் கண்ணீருக்கு ஈடாக்கவும், காக்கும் பொருளுக்குக் கைகொடுக்கவும் போரேட் உதவுகிறது. தனியாக நின்று கிருமியைக் கொல்லும் அளவுக்கு அதற்கு வலு கிடையாது. மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது, அதைப் போரிக் ஆசிட் குணப்படுத்தாது.

போரேட் செய்யும் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. கண்புரை அறுவைக்குப் பிறகு அம்மாவுக்குக் கண் வறண்டுபோய், மருத்துவர் சிஸ்டேன் அல்ட்ரா எழுதிக் கொடுத்தார். அதில் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பிசினும், சார்பிட்டால் என்ற சர்க்கரை வகைப் பொருளும், போரிக் ஆசிட்டும் இருக்கின்றன. புட்டிக்குள் சார்பிட்டால் போரேட்டைப் பிடித்து வைத்திருப்பதால் மருந்து நீர்த்தே இருக்கும். கண்ணுக்குள் போனதும் கண்ணீர் சார்பிட்டாலைக் கலைத்துவிட, போரேட் பிசினின் இழைகளைக் கோத்துக்கொள்ளும். கண்மேல் மெல்லிய படலம் தங்கும். இந்த வகை மருந்தை விட்டதும் ஒரு நிமிடம் கண்ணை மூடியிருங்கள். வேறு சொட்டு இருந்தால் 5 நிமிடமாவது கழித்து விடுங்கள்.

இதே கோக்கும் குணம் லென்ஸ் போடுபவர்களுக்குத் தொல்லையாகலாம். லென்ஸ் கழுவும் திரவங்கள் பலவற்றில் போரேட் உண்டு. சில சொட்டு மருந்துகளில் பாலிவினைல் ஆல்கஹால் உண்டு. இரண்டும் சேர்ந்தால் கூழாகித் திரிந்து லென்ஸில் ஒட்டக்கூடும். பிள்ளைகள் பசையில் போராக்ஸ் கலந்து 'ஸ்லைம்' செய்வார்களே, அதே வேதியியல்தான். இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

குழந்தைகள் விஷயம்தான் பெற்றோரைப் பயமுறுத்துகிறது. போரிக் ஆசிட்டில் உள்ள போரான் என்ற தனிமம் அதிகமானால் பின்னாளில் குழந்தைப்பேற்றைப் பாதிக்கலாம் என்பதால், ஐரோப்பிய மருந்து முகமை 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாளைக்கு 1 மி.கி. போரானை எல்லையாக வைத்திருக்கிறது. நீங்களே கணக்குப் போடலாம். 1 சதவீதப் போரிக் ஆசிட் உள்ள மருந்தில் ஒரு சொட்டுக்கு, அதாவது 0.05 மி.லி.க்கு, 0.5 மி.கி. போரிக் ஆசிட். அதில் 17.5 சதவீதம்தான் போரான், அதாவது 0.09 மி.கி. இரண்டு கண்ணுக்கும் நான்கு வேளை விட்டாலும் 0.7 மி.கி.தான் வருகிறது, அதிலும் கொஞ்சம் கன்னத்தில் வழிந்துவிடும். குளோராம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து பற்றி இதே கேள்வி எழுந்தபோது, பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-இல் ஆராய்ந்து, 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் தேவைப்பட்டால் கொடுக்கலாம் என்றே சொன்னது. ஆகவே மருத்துவர் எழுதியதைப் பயந்து நிறுத்த வேண்டாம். அவர் சொல்லாமல் மணிக்கொரு தடவை விடவும் வேண்டாம்.

எரிகிறது என்று நீங்களாகப் போரேட் இல்லாத மருந்துக்கு மாறுவதும் சரியில்லை. அதற்குப் பதில் பாஸ்பேட் இருக்கலாம். கருவிழியில் ஏற்கெனவே புண் இருந்தால், அரிதாக, பாஸ்பேட்டால் கால்சியம் படியும். எரிச்சலுக்குக் காரணம், கெடாமல் காக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடாகக்கூட இருக்கலாம். காகிதத்தை எடுத்துக்கொண்டு மருத்துவரிடமே போங்கள்.

இனி அந்த அக்காவின் கேள்வி. புட்டியில் இருப்பது கிருமி நீக்கி, அளந்து, வடிகட்டி அடைத்தது. கேரம் பவுடர் அப்படியில்லை. சாதாரண நீர் 100 மி.லி.யில் ஏறக்குறைய 5 கிராம்தான் கரையும். வெந்நீரில் அதிகமாகக் கரைந்தது, ஆறும்போது மறுபடி படிகமாகும். அந்தப் படிகம் வீங்கிய கண்ணில் உராய்ந்தால் என்ன ஆகும்? மிச்சத் தூளை அடுப்படியில் வைத்தால் குழந்தை வாயில் போடும் ஆபத்து வேறு. கரப்பான் பூச்சிக்கு வைப்பதும் இதே தூள்தான்.

அவருக்கு நான் பஞ்சு மட்டும்தான் கொடுத்தேன். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் நனைத்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து, ஒவ்வொரு தடவையும் புதுப் பஞ்சு எடுக்கச் சொன்னேன். பையிலிருந்த சொட்டு மருந்தை எப்போது திறந்தீர்கள் என்று கேட்டேன். தீபாவளிக்கு முன்னால் என்றார். ஒரு மாதம் தாண்டிவிட்டதால் அதைக் குப்பையில் போட்டுவிட்டு, கண் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.