கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதை சர்வரில் வாசிப்பது

மற்றவர்கள் எழுதிய சர்வர் நிரலைச் சரிபார்த்துக் கொடுப்பது என் அன்றாட வேலை. ஒரு நிரல் கைக்கு வந்ததும் க்வெரி ஸ்ட்ரிங்கை, அதாவது இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதை, எங்கே எடுத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தேடுவேன். எடுப்பது ஒரே ஒரு வரி. ஆனால் அந்த வரிக்குள் என்னவெல்லாம் வந்து விழலாம் என்று யோசித்து எழுதியிருக்கிறார்களா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இந்த முகவரியை எடுத்துக்கொள்வோம்:

/தேடல்?சொல்=தமிழ்&பக்கம்=2#முடிவு

முதல் கேள்விக்குறிக்கு அடுத்து தொடங்கி # குறி வரைக்கும் உள்ளதுதான் க்வெரி ஸ்ட்ரிங். # குறியையும் அதற்குப் பிறகு உள்ளதையும் பிரவுசர் சர்வருக்கு அனுப்பவே அனுப்பாது. ‘முடிவு’ என்பதை அங்கே தேடிப் பயனில்லை. மீதியை & குறியில் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் முதல் = குறியில் பிரித்தால் கீயும் (பெயர்) வேல்யூவும் (மதிப்பு) கிடைக்கும்.

இந்த வெட்டும் வேலையை நீங்களே செய்யாதீர்கள். சர்வருக்கு வந்து சேரும்போது ‘தமிழ்’ இந்த உருவத்தில் இருக்காது. அதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 யூனிகோட் குறிகள். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் % சேர்த்து 3 எழுத்தாக விரியும். ஆக மொத்தம் 45 எழுத்து! இடைவெளி %20 என்றும் வரும், + என்றும் வரும். இதையெல்லாம் ஃப்ரேம்வொர்க்கே (சர்வர் நிரல் எழுத உதவும் தயார் கருவித் தொகுப்பு) டீகோட் செய்து, அதாவது பழைய எழுத்துக்கே திருப்பி, தந்துவிடுகிறது: ஃபிளாஸ்க்கில் ரிக்வெஸ்ட்டின் (வந்த கோரிக்கை) ‘ஆர்க்ஸ்’, எக்ஸ்பிரஸில் ‘க்வெரி’, ஜாங்கோவிலும் பிஎச்பியிலும் ‘கெட்’ என்ற பெயரில் அது தயாராக இருக்கும்.

தயாராக வந்ததை இன்னொரு தடவை டீகோட் செய்யக் கூடாது. ஒருவர் தேடல் பெட்டியில் %20 என்றே தட்டினால், அது %2520 ஆக வந்து சேரும். ஒரு தடவை டீகோட் செய்தால் அவர் தட்டியது கிடைக்கும். இரண்டாம் தடவை செய்தால் வெறும் இடைவெளிதான் மிஞ்சும்.

அடுத்தது, நான் அதிகம் கவலைப்படும் இடம். ஒரே கீ இரண்டு முறை வந்தால்?

/பட்டியல்?எண்=1&எண்=2

ஃபிளாஸ்க்கின் ‘ஆர்க்ஸ்’-இல் கெட் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டுக் கேட்டால் 1 வரும். ஜாங்கோவில் 2. பிஎச்பியிலும் 2. கோ மொழியில் 1. எக்ஸ்பிரஸ் இரண்டையும் சேர்த்து ஓர் அரேயாக (பட்டியலாக) தரும். சரம் (எழுத்துத் தொடர்) என்று நம்பி, ஓர இடைவெளியை நீக்கும் ‘ட்ரிம்’மை அதன் மேல் கூப்பிட்ட நிரல் அங்கேயே விழுந்து 500 (சர்வர் பிழை) காட்டும். இதைவிட மோசமானது, முன்னால் நிற்கும் சர்வர் முதல் எண்ணைப் பார்த்து அனுமதி கொடுத்து, பின்னால் இருக்கும் சர்வர் கடைசி எண்ணை எடுத்து வேலை செய்வது. அனுமதி ஒன்றுக்கு, திறந்தது இன்னொன்று. தாக்குபவர்கள் இதைத் தெரிந்தேதான் இரட்டையாக அனுப்புகிறார்கள். அதனால் ஒரு மதிப்புதான் வர வேண்டும் என்றால், பட்டியலாகக் கேட்டு வாங்கி எண்ணிப் பாருங்கள்; ஒன்றுக்கு மேல் இருந்தால் 400 (கோரிக்கை தவறு) சொல்லித் திருப்பி அனுப்புங்கள். ஃபிளாஸ்க்கிலும் ஜாங்கோவிலும் அப்படி வாங்க ‘கெட்லிஸ்ட்’ இருக்கிறது.

அப்புறம் வகை. வருவது எல்லாமே சரம்தான்; பக்கம்=2 என்பதில் இருப்பது எண் அல்ல, ‘2’ என்ற எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட்டில் கூடுதல் கவனம் வேண்டும். வெற்றுச் சரத்தை ‘நம்பர்’ என்ற ஃபங்ஷனில் போட்டால் 0 வரும். ‘12கிலோ’ என்பதை, சரத்தை முழு எண்ணாக்கும் ‘பார்ஸ்இன்ட்’ சத்தமில்லாமல் 12 ஆக்கிவிடும். முழுச் சரமும் இலக்கம்தானா என்று பார்த்த பிறகு மாற்றுங்கள். ஃபிளாஸ்க்கில் டைப்பை இன்ட் (முழு எண்) என்று கொடுத்தால், மாற்ற முடியாதபோது டீஃபால்ட் (முன்பே வைத்த) மதிப்பு வந்துவிடும். பக்க எண்ணுக்கு அது சரி. எதை நீக்குவது, யாருடைய கணக்கு என்பது போன்ற இடத்தில் எனக்கு அது பிடிக்காது. தப்பாக வந்ததைத் தப்பு என்றே சொல்ல வேண்டும்.

எண்ணாக மாறிவிட்டால் போதாது, எல்லையும் வேண்டும். ஒரு பக்கத்துக்கு 1000000 வரிசை கேட்டால் கொடுத்துவிடுவீர்களா?

கீ வரவே இல்லை என்பதும், ‘சொல்=’ என்று காலியாக வந்தது என்பதும் வேறு வேறு. க்வெரி ஸ்ட்ரிங்கைப் பிரிக்கும் பைத்தானின் ‘பார்ஸ்_க்யூஎஸ்’ காலி மதிப்புகளைத் தானாகவே விட்டுவிடும். வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும்.

பாஸ்வேர்டும் டோக்கனும் (உள்நுழைந்தவரை அடையாளம் காட்டும் ரகசியக் குறி) க்வெரி ஸ்ட்ரிங்கில் வரக் கூடாது. போகும் வழியில் எச்டிடிபிஎஸ் காப்பாற்றும், ஆனால் முகவரி சர்வர் லாக்கிலும் பிரவுசர் ஹிஸ்டரியிலும் அப்படியே கிடக்கும்.

இதையெல்லாம் ஹேண்ட்லரின் (அந்த முகவரிக்குப் பதில் தரும் ஃபங்ஷன்) முதல் சில வரிகளிலேயே முடித்து, வகையும் எல்லையும் பார்த்த மதிப்புகளை மட்டும் உள்ளே அனுப்புங்கள். உள்ளே போனபிறகும் தரவுத்தளத்தைக் கேட்கும் எஸ்க்யூஎல்லில் சரத்தோடு ஒட்டாமல் பாராமீட்டராகவே (தனி மதிப்பாகவே) கொடுங்கள். பிறகு அதே முகவரியை கீ இல்லாமல், காலியாக, இரட்டையாக, -1 வைத்து, எழுத்து வைத்து, தமிழில் என்று ஒவ்வொன்றாக அனுப்பிப் பாருங்கள். 200 (சரி) வரலாம், 400 வரலாம். 500 வந்தால் அந்த வரிக்குத் திரும்பிப் போங்கள்.