ஆப்பிரிக்க கோஸ்பல் பாடல்கள்: கேட்பவர்களும் பாடுபவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோ கோஸ்பல் (கிறிஸ்தவ பக்திப் பாடல்) குழுவின் காணொளியைப் பார்த்துவிட்டு, "ஆப்பிரிக்க மொழியில் என்னமாய்ப் பாடுகிறார்கள்!" என்று பகிர்பவர்கள் நிறையப் பேர். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. ஆப்பிரிக்க மொழி என்று ஒன்று கிடையாது. நைஜீரியாவில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. தென்னாப்பிரிக்காவில் ஆட்சிமொழிகளே 12. கடைசியாக 2023-ல் சைகை மொழி சேர்ந்தது. 2002-ல் தொடங்கிய இந்த சொவேட்டோ குழு ஒரே மேடையில் ஜூலு, கோசா, செசோத்தோ, ஆங்கிலம் என்று மாறி மாறிப் பாடும். எந்த வரி எந்த மொழி என்று பார்த்தால்தான் அந்தப் பாட்டு யாரையெல்லாம் உள்ளே கூப்பிடுகிறது என்பது பிடிபடும்.

அடுத்தது, எல்லாருக்கும் புரிய வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே மொழிக்கு, பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு, மாற்றிவிடுவது. நல்ல எண்ணம்தான். ஆனால் ஜோகன்னஸ்பர்க் வட்டாரத்துச் சபைகளில் நடப்பது வேறு. தங்கச் சுரங்கங்கள் நாலாபக்கத்திலிருந்தும் ஆட்களை இழுத்து வந்த ஊர் அது. ஒரே வாடகை வீட்டுக் கூடத்தில் மூன்று மொழி இருக்கும். மிஷனரிகள் ஒவ்வொரு மொழிக்கும் தனிப் பாட்டுப் புத்தகம் போட்டிருந்தாலும் பல பாடல்களுக்கு மெட்டு ஒன்றே. ஆகவே ஆராதனையில் பாட்டைத் தொடங்கினால் ஜூலுக்காரர் ஜூலுவில், செசோத்தோக்காரர் செசோத்தோவில், ஒரே நேரத்தில் பாடுவார்கள். குழம்பாதா? குழம்பாது. சேர்ந்திசையில் மேலும் கீழுமாகச் சேர்ந்து ஒலிக்கும் நான்கு குரல்களின் சுரமும் எல்லாருக்கும் பாடம். யாரும் தன் மொழியை விட்டுக்கொடுக்கவில்லை, யாரும் வெளியே நிற்கவும் இல்லை.

நைஜீரியாவில் இது இன்னொரு விதம். பாடல் தலைவர் யொரூபா, இக்போ, எஃபிக், பிட்ஜின் (ஆங்கிலம் கலந்த பொதுப் பேச்சு) என்று சிறுசிறு பல்லவிகளை நிறுத்தாமல் கோத்துக்கொண்டே போவார். தன்னுடையதல்லாத மொழியின் பல்லவியும் சபைக்குத் தெரிந்திருக்கும். அக்வா இபோம் மாநிலத்தைச் சேர்ந்த கோஸ்பல் பாடகர் நத்தானியேல் பாஸியின் 'இமெலா' பாட்டில் பல்லவி இக்போ மொழியில். அது அவருடைய தாய்மொழி இல்லை.

மொழிபெயர்ப்பில் இன்னொரு பள்ளமும் உண்டு. தமிழில் மட்டும் பழகியவர்களுக்கு அது கண்ணில் படாது. யொரூபாவில் குரலின் ஏற்ற இறக்கமே பொருளை மாற்றும். 'ஒக்கொ' என்பதைச் சமமான குரலில் சொன்னால் கணவன். இரண்டாம் அசையை ஏற்றினால் மண்வெட்டி, இறக்கினால் வண்டி. இப்போது யோசியுங்கள்: ஓர் ஆங்கில மெட்டை எடுத்து அதன்மேல் யொரூபாச் சொற்களை உட்கார வைத்தால், மெட்டு ஏறுகிற இடத்தில் சொல் இறங்க வேண்டியிருக்கும். 19-ஆம் நூற்றாண்டு மிஷன் பாட்டுகள் பலவற்றுக்கு இந்தக் கதிதான். பக்தியோடு பாடிய வரி காதில் வேறெதுவாகவோ விழுந்தது. லாகோஸ் கதீட்ரலில் ஆர்கன் வாசித்த எகுண்டாயோ ஃபிலிப்ஸ் போன்றவர்கள் பேச்சின் ஏற்ற இறக்கத்திலிருந்தே மெட்டைப் பிறப்பிக்க முனைந்தார்கள். 1953-ல் யொரூபா இசையைப் பற்றி அவர் ஒரு நூலும் வெளியிட்டார். ஆகவே ஒரு மெட்டு பிடித்துப்போய் வேறு ஆப்பிரிக்க மொழியில் வரி எழுத ஆசைப்பட்டால், அந்த மொழிக்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் எழுத வேண்டாம். அகராதி இங்கே உதவாது.

ஆப்பிரிக்கா என்றதும் முரசைத் தேடுவதும் வழக்கமாகிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் பல மெத்தடிஸ்ட் சபைகளில் முரசு இருக்காது. கையில் ஒரு சிறு திண்டை வைத்து உள்ளங்கையால் தட்டுவார்கள், அல்லது பாட்டுப் புத்தகத்தையே தட்டுவார்கள். அந்தத் தட்டலில் கூடமே அசையும். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையில் முரசு உண்டு, கைக் கிலுக்கும் உண்டு. ஆனால் அது கீயஸ் என்ற பழைய வழிபாட்டு மொழியில் பாடப்படும் பழைய வழிபாட்டு இசை. அதைக் கோஸ்பல் கணக்கில் சேர்ப்பது பொருந்தாது.

சரி, எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது "இசைக்கு மொழி இல்லை, எல்லாரையும் ஒன்றாக்கிவிடும்" என்ற பேச்சு. அவ்வளவு சுலபமாக யாரும் ஒன்றாகவில்லை. தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்த சபை 1857-லேயே நிறம் பார்த்துத் தனித்தனியாக ஆராதிக்க இடம் கொடுத்தது. இசை தெரியாத சபை அல்ல அது.

'ங்கோசி சிகெலெலி ஆஃப்ரிகா'வின் கதையைப் பாருங்கள். ஜோகன்னஸ்பர்க் அருகே மெத்தடிஸ்ட் மிஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஈனாக் சொன்டொங்கா 1897-ல் கோசா மொழியில் எழுதிய ஜெபப் பாட்டு அது. 1905-ல் அவர் இறந்துவிட்டார். 1912-ல், பின்னாளில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் ஆன அமைப்பின் முதல் கூட்டத்தில் அதைப் பாடினார்கள். அதிலிருந்து அது போராட்டப் பாட்டு. அதே மெட்டு சுவாஹிலி வரிகளோடு தான்சானியாவின் தேசிய கீதமாகவும் ஆனது. 1994-ல் நிறவெறி ஆட்சி முடிந்ததும் தென்னாப்பிரிக்காவுக்கு இரண்டு தேசிய கீதங்கள்: இதுவும், பழைய ஆட்சியின் கீதமும். 1997-ல் இரண்டையும் வெட்டி ஒட்டினார்கள். கோசா, ஜூலு, செசோத்தோ, ஆஃப்ரிகான்ஸ் (டச்சிலிருந்து பிறந்த, பழைய ஆட்சியாளர்களின் மொழி), ஆங்கிலம் என ஐந்து மொழிகள். ஒட்டிய இடம் காதுக்கே தெரியும்: ஆஃப்ரிகான்ஸ் பகுதி வரும்போது சுருதி மாறுகிறது, தொடங்கிய சுருதிக்குத் திரும்பாமலே பாட்டு முடிகிறது. அந்த ஆஃப்ரிகான்ஸ் வரிகளை எடுத்துவிட வேண்டும் என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஐந்து மொழிகளில் பாடுவது அங்கே பேரம் பேசி எட்டிய ஒரு ஏற்பாடு. அதை வெறும் "அழகான ஒற்றுமை" என்று சொல்லிவிட்டுப் போவது அந்த உழைப்பை மறைப்பதாகும்.

பாடகர் குழு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கோசாவிலும் ஜூலுவிலும் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் சொடுக்கொலிகள் உண்டு. அவற்றை 'க' என்று மழுப்பிப் பாடாதீர்கள். 'பரிசுத்த' என்பதற்கான சொல்லே அப்படி ஒரு ஒலியோடுதான் வருகிறது. நாம் பரிதாபப்பட்டு உச்சுக் கொட்டும்போது பல்லருகே வருமே, அதை மூக்கொலியோடு சேர்த்தால் கிட்டத்தட்ட அதுதான். மெதுவாகப் பத்துத் தடவை சொல்லிப் பழகினால் வந்துவிடும். எழுத்தைப் பார்த்துப் படிப்பதைவிட, அந்த மொழிக்காரர் பாடியதைக் கேட்டு வாயில் ஏற்றிக்கொள்வது நல்லது.

அப்புறம், நிகழ்ச்சித் தாளில் 'ஆப்பிரிக்க மரபுப் பாடல்' என்று போட்டு முடித்துவிடும் பழக்கம். சில பாடல்களுக்கு ஆசிரியர் உண்மையிலேயே தெரியாது. பலவற்றுக்குத் தெரியும்: சொன்டொங்காவுக்கு வெகுகாலம் முன்பே, 1821-ல் இறந்த ந்ட்சிகானா என்ற கோசா போதகரின் துதிப்பாடலுக்கு இன்றும் அவர் பெயர் நிலைத்திருக்கிறது. அச்சுக்குக் கொடுக்கும் முன் தேடிப் பாருங்கள். பெயர் கிடைத்தால் பெயரைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் எந்த மொழி, எந்த நாடு என்றாவது எழுதுங்கள்.