விண்கல் நியூஸ் வந்தா எப்படி படிக்கணும்

"பூமியை நோக்கி பாயும் ராட்சத விண்கல்"னு அடிக்கடி வாட்ஸ்அப்ல வரும், தம்ப்நெயில்ல பூமி தீப்பிடிச்சு எரியும். உடனே ஃபார்வர்ட் பண்ணாதீங்க, முதல்ல தூரம் எவ்ளோனு தேடுங்க. நிலாவே சுமார் 3,84,400 கிமீ தள்ளி இருக்கு, நியூஸ்ல 50 லட்சம் கிமீனு இருந்தா அது நிலாவை விட 13 மடங்கு தூரம், அதைத்தான் "உரசிச் செல்லும்"னு தலைப்பு போட்டிருப்பாங்க (எதை உரசுதோ!).

"ஆபத்தானது"ன்னு நாசா சொன்னாலும் அது ஒரு வகைப்பாடு மட்டும்தான், சுமார் 140 மீட்டருக்கு மேல சைஸ் இருந்து பாதை பூமியோட பாதைக்கு 75 லட்சம் கிமீக்குள்ள வந்தாலே சேத்துடுவாங்க.

நிறைய பேர் குழம்புறது சதவீதத்துல. 2024 ஒய்ஆர்4ங்கிற விண்கல் ஞாபகம் இருக்கா? 2032ல பூமில மோத வாய்ப்பு 1 சதவீதம்னாங்க, 2025 பிப்ரவரில 3.1 வரை ஏறுச்சு, சில நாள்லயே கிட்டத்தட்ட பூஜ்யம். யாரும் எதையும் மறைக்கல. ஆரம்பத்துல டேட்டா கம்மி, அதனால கல்லு எங்கெல்லாம் போகலாம்ங்கிற பட்டை ரொம்ப அகலமா இருக்கும், டேட்டா சேரச் சேர பட்டை சுருங்கும், பூமி அதுக்குள்ள மாட்டிட்டு இருக்குற வரைக்கும் சதவீதம் ஏறும், பூமி பட்டைய விட்டு வெளிய வந்ததும் டக்குனு விழுந்துடும். கல்லு அதே பாதையிலதான் போயிட்டு இருக்கு, மாறுனது நம்ம கணக்கு.

சந்தேகம்னா நாசாவோட சென்ட்ரி (பூமில மோத கொஞ்சமாவது வாய்ப்பு இருக்குற கல்லுங்களோட லிஸ்ட்) பக்கத்துல பேரை தேடுங்க, அங்க இல்லைன்னாலோ டொரினோ ஸ்கேல் (மோதல் ஆபத்தை 0லருந்து 10 வரை சொல்ற அளவுகோல்) 0ன்னு இருந்தாலோ விட்டுட்டு வேலைய பாருங்க. அபோஃபிஸ்ங்கிற விண்கல் மட்டும் 2029 ஏப்ரல் 13ல நிஜமாவே சுமார் 32,000 கிமீ கிட்ட வருது, மோதாது, ஐரோப்பா ஆப்பிரிக்கா பக்கம் வெறும் கண்ணுலயே பாக்கலாமாம்.