ஜிஎன்எம் படிப்பு: ரெக்கார்டு தேங்காமல் மூன்று வருடத்தை முடிப்பது எப்படி

ஜிஎன்எம் (ஜெனரல் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி) என்ற நர்சிங் டிப்ளமோவில் சேரும்போது எல்லோரும் பயப்படுவது அனாட்டமிக்கு. ஆனால் பாதிப் பேரை மூச்சுத் திணற வைப்பது ரெக்கார்டு. காலை 7 மணிக்கு வார்டில் நிற்க வேண்டும், மதியம் வகுப்பு, மாலை ஹாஸ்டலுக்கு வந்தால் கேர் பிளான் (ஒரு நோயாளிக்கான பராமரிப்புத் திட்டம்), டிரக் ஸ்டடி, புரொசீஜர் ரெக்கார்டு, அதோடு நாளைய டெஸ்ட். ஒரு நாள் தள்ளிப்போட்டால் ஒன்றும் ஆகிவிடாது என்றுதான் தோன்றும். இரண்டு வாரத்தில் போஸ்டிங், அதாவது நீங்கள் பயிற்சி எடுக்கும் வார்டு, மாறிவிடும். நீங்கள் பார்த்த நோயாளி டிஸ்சார்ஜ் ஆகியிருப்பார், அவருடைய கேஸ் ஷீட் வார்டை விட்டுப் போயிருக்கும், கையெழுத்துப் போட வேண்டிய டியூட்டர் வேறு பேட்சோடு வேறு மாடியில் இருப்பார். அதன் பிறகு உட்கார்ந்து எழுதும் கேர் பிளானில் பாதி கற்பனையாகத்தான் இருக்கும்.

அதனால் ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: போஸ்டிங்கின் கடைசி நாளில் அந்த வார்டின் ரெக்கார்டு கையெழுத்தாகி உங்கள் பையில் இருக்க வேண்டும்.

போஸ்டிங்கின் முதல் நாள்

இந்த வார்டுக்கு என்னென்ன கேட்கிறார்கள் என்பதை முதல் நாளே டியூட்டரிடம் கேட்டு ஒரே தாளில் எழுதுங்கள்: கேர் பிளான் எத்தனை, கேஸ் ஸ்டடி உண்டா, கேஸ் பிரசன்டேஷன் என்றைக்கு, ஹெல்த் டாக் எந்தத் தலைப்பில். பிறகு கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இரண்டு வாரப் போஸ்டிங்கில் ஞாயிறு போக 12 நாள்தான் கையில். முதல் இரண்டு நாளில் நோயாளியைத் தேர்ந்தெடுத்து, ஐந்தாம் நாளுக்குள் விவரம் முழுவதையும் எடுத்து, ஏழாம் நாள் ரஃப் நோட்டை டியூட்டரிடம் காட்டிவிட வேண்டும். மீதி நாட்கள் திருத்தத்துக்கும் ஃபேர் காப்பிக்கும். கடைசி நாள் காட்டினால் உங்களோடு இன்னும் பதினைந்து பேர் நோட்டோடு நிற்பார்கள், திருத்திச் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது.

நோயாளியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நாளை வீட்டுக்குப் போகிறவரை எடுத்தால் தொடர்ந்து பார்க்க முடியாது. நான்கு நோய் சேர்ந்த சிக்கலான கேஸை எடுத்தால் எழுதி முடியாது. வார்டு சிஸ்டரிடம், "சிஸ்டர், இன்னும் நாலஞ்சு நாள் இருக்கப்போற பேஷன்ட் யாரு?" என்று கேளுங்கள். அவருக்கு உடனே தெரியும்.

பாக்கெட் நோட்டு

யூனிஃபார்ம் பாக்கெட்டில் அடங்கும் சின்ன நோட்டு ஒன்று, பேனா இரண்டு. நோயாளியின் பெயரை எழுத வேண்டாம், படுக்கை எண்ணும் வயதும் போதும். கேஸ் ஷீட்டைப் போனில் படம் எடுப்பதும் வேண்டாம். அது நோயாளியின் ரகசியம், பிடிபட்டால் பெரிய பிரச்சினையும் ஆகும். படுக்கை போட்டு, வைட்டல்ஸ் (காய்ச்சல், நாடி, மூச்சு, பிபி) பார்த்து, மருந்து கொடுத்து, ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு சற்று ஓய்வு கிடைக்கும். அந்த இருபது நிமிடம்தான் தங்கம். அட்மிட் ஆகி எத்தனையாவது நாள், நோயாளி தன் வாயால் சொன்ன தொந்தரவு, நேரத்தோடு வைட்டல்ஸ், இன்டேக் அவுட்புட், இயல்புக்கு மாறாக வந்த லேப் ரிப்போர்ட், சார்ட்டில் உள்ள மருந்துகள். இவ்வளவும் நோட்டில் ஏறிவிட்டால் இரவு எழுத முக்கால் மணி நேரம் போதும்.

வைட்டல்ஸை முந்தைய ஷிஃப்ட் சார்ட்டிலிருந்து பார்த்து எழுதாதீர்கள். மூச்சு எண்ணிக்கையில்தான் இந்தப் பழக்கம் அதிகம். எல்லா நோயாளிக்கும் 18 அல்லது 20 என்றே எழுதியிருக்கும். நாடி பார்த்த கையை விடாமல், நோயாளிக்குச் சொல்லாமல், நெஞ்சு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். சொல்லிவிட்டு எண்ணினால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். உடல்நிலை மோசமாகும்போது மூச்சு எண்ணிக்கை பல நேரம் முதலில் ஏறும். அங்கே 18 என்று எழுதிவைப்பது ஆளையே ஆபத்தில் தள்ளும்.

கேர் பிளானில் என்ன தவறு நடக்கிறது

58 வயது, சர்க்கரை நோய், வலது பாதத்தில் புண், தினமும் டிரஸ்ஸிங் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். 'வலி' என்று பிரச்சினை, 'வலி குறையும்' என்று இலக்கு, 'வலி குறைந்தது' என்று மதிப்பீடு. இப்படி எழுதிய கேர் பிளானை எந்த வார்டிலும் எந்த நோயாளிக்கும் ஒட்டிவிடலாம். அதனால்தான் திரும்பி வருகிறது.

அதையே இப்படி எழுதுங்கள். அசெஸ்மென்ட்: டிரஸ்ஸிங் மாற்றும்போது வலி 10-க்கு 7 என்கிறார், காலை இழுத்துக்கொள்கிறார், நாடி 104. நர்சிங் டயக்னசிஸ்: பாதப் புண்ணில் திசு சிதைந்ததால் ஏற்பட்ட கடும் வலி. இலக்கு: அடுத்த டிரஸ்ஸிங்கின்போது வலி 3 அல்லது அதற்குக் கீழ். செய்தது: மருத்துவர் எழுதிய வலி மாத்திரையை டிரஸ்ஸிங்குக்கு அரை மணிக்கு முன்னால் கொடுத்தது, ஒட்டிக்கொண்ட துணியை நார்மல் சலைனில் நனைத்து எடுத்தது, காலைத் தலையணை மேல் வைத்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏன் என்பதற்கு ஒரு வரி. மதிப்பீடு: மறுநாள் காலை டிரஸ்ஸிங்கில் வலி 10-க்கு 4 என்றார், இலக்கு முழுதாக எட்டவில்லை, திட்டம் தொடர்கிறது. இலக்கு எட்டவில்லை என்று எழுத பயப்பட வேண்டாம். நீங்கள் உண்மையிலேயே படுக்கைக்குப் பக்கத்தில் நின்றீர்கள் என்பதற்கு அந்த வரிதான் சாட்சி.

நாளைப் பிரிப்பது

மார்னிங் டூட்டி உள்ள நாளில் வகுப்பு முடிந்து வந்ததும் குளித்து, சாப்பிட்டு, அரை மணி நேரம் படுத்து எழுந்து, முதலில் அன்றைய ரெக்கார்டை எழுதுங்கள். மனசில் வார்டு இன்னும் பச்சையாக இருக்கும். அதன் பிறகு 40 நிமிடம் வீதம் இரண்டு முறை படிப்பு. அதற்கு மேல் இழுத்துப் பிடித்து உட்கார்ந்தால் மறுநாள் காலை எழ முடியாது. ஈவினிங் டூட்டி வாரத்தில் படிப்பைக் காலை நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நைட் டூட்டி வாரத்தில் புதிய பாடம் எதையும் தொடங்க வேண்டாம். முதல் இரவுக்கு முன் மதியம் இரண்டு மணி நேரமாவது தூங்குங்கள். காலையில் நைட் டூட்டி முடிந்ததும் இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டு, ஜன்னலைத் துணியால் மறைத்து, போனை அணைத்துவிட்டுப் படுங்கள். துணி துவைத்துவிட்டுப் படுக்கலாம் என்று நினைத்தால் மதியம் ஆகிவிடும். காலை டூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஆபரேஷன் தியேட்டரில் மாணவர்கள் மயங்கி விழுவதற்குப் பல நேரம் காரணம், சாப்பிடாமல் நீண்ட நேரம் நின்றதுதான்.

லீவ் எடுப்பதிலும் கணக்கு வேண்டும். கிளினிக்கல் நாட்கள் முழுவதையும் முடித்தால்தான் டிப்ளமோ கைக்கு வரும். விட்ட டூட்டியைப் பிறகு ஈடுகட்ட வேண்டும், அதுவும் தோழிகள் தேர்வுக்குப் படிக்கும் நேரத்தில். ஹாஸ்டலில் அம்மை வந்தால் அறை அறையாகப் பரவும். அந்த லீவைத் தவிர்க்க முடியாது. அதற்காகவே சின்னச் சின்ன லீவைச் சேமித்து வையுங்கள்.

மருந்தும் கணக்கும்

தினமும் வார்டு சார்ட்டிலிருந்து மூன்று மருந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை. பெயர், வகை, எதற்கு, டோஸ், எந்த வழி, பக்க விளைவு, நர்ஸ் கவனிக்க வேண்டியது. கடைசி வரிதான் விவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்கப்படும். டிகாக்சின் என்றால் கொடுக்கும் முன் ஏபிக்கல் பல்ஸ் (நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்கும் துடிப்பு) முழு நிமிடம், பெரியவருக்கு 60-க்குக் கீழ் இருந்தால் நிறுத்திவைத்து மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். ஃபுருசமைடு என்றால் எடை, சிறுநீர் அளவு, பொட்டாசியம். பொட்டாசியம் குளோரைடு என்றால் ஒருபோதும் கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றக் கூடாது, இதயம் நின்றுவிடும்.

டிரிப் கணக்குக்கு ஒரே சூத்திரம்: மொத்த மில்லியை செட்டின் டிராப் ஃபேக்டரால் (ஒரு மில்லிக்கு எத்தனை துளி) பெருக்கி, நிமிடத்தால் வகுக்க வேண்டும். 500 மில்லி நார்மல் சலைன், 4 மணி நேரம், 20 துளி செட் என்றால் 500 × 20 ÷ 240, அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 துளி. செட்டின் உறையில் 15 போட்டிருக்கிறதா 20 போட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். மைக்ரோ செட் 60 துளி என்பதால் மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிடத்துக்கு அத்தனை துளி.

இன்சுலினில் இன்னும் கவனம் வேண்டும். நம் ஊரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் உண்டு, 100 யூனிட்டும் உண்டு. 100 யூனிட் இன்சுலினை 40 யூனிட் சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். சர்க்கரை சரிந்து நோயாளி நினைவிழக்கலாம். 40 யூனிட் சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு. நிறத்தைப் பார்த்த பிறகும் குப்பியில் உள்ள எண்ணை வாய்விட்டுப் படியுங்கள்.

தமிழ் மீடியத்திலிருந்து வருகிறவர்களுக்கு

புத்தகம் ஆங்கிலம் என்பதால் முதல் மூன்று மாதம் ஒரு பக்கம் படிக்கவே ஒரு மணி நேரம் ஆகும். இது அறிவுக் குறைவு இல்லை, பழக்கம் இல்லாமைதான். முழு வார்த்தையை மனப்பாடம் செய்யாமல் வால்களைக் கற்றுக்கொள்ளுங்கள். 'ஐடிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'எக்டமி' என்றால் வெட்டி எடுத்தல், 'ஆஸ்டமி' என்றால் வாய் அமைத்தல், 'ஈமியா' என்றால் ரத்தத்தில், 'யூரியா' என்றால் சிறுநீரில். ஐம்பது துண்டு தெரிந்தால் ஆயிரம் சொல் பிரியும். பாடத்தைத் தமிழில் ஒருவருக்கொருவர் சொல்லிப் புரிந்துகொண்டு, விடையை ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள்.

முதல் வருடத்தில் பாடங்களை ஜோடி சேர்த்துப் படியுங்கள். நர்சிங் ஃபவுண்டேஷனில் (அடிப்படை நர்சிங் பாடம்) வைட்டல்ஸ் நடத்தும் வாரத்தில் அனாட்டமியில் இதயமும் நுரையீரலும், கதீட்டர் நடத்தும் வாரத்தில் சிறுநீரகம். ஒன்றைப் படிக்க மற்றது பாதி படித்ததாகிவிடும்.

தேர்வில் ஒரு நோயைப் பற்றிக் கேட்டால் பலர் நோய்க்கூறை இரண்டு பக்கம் எழுதிவிட்டு நர்சிங் மேனேஜ்மென்டை நான்கு வரியில் முடிக்கிறார்கள். நர்சிங் தேர்வில் மதிப்பெண் இருப்பது அங்கேதான். விளக்கம், காரணம், அறிகுறி, பரிசோதனை எல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும். படம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பென்சிலில் வரைந்து பாகம் குறியுங்கள்.

மூன்றாம் வருடம்: கேஸ் புக்

லேபர் ரூம் (பிரசவ அறை) போஸ்டிங் வந்ததும் எண்ணிக்கைதான் கவலை. நீங்களே செய்ய வேண்டிய நார்மல் டெலிவரி 20, அதோடு ஆன்டிநேட்டல் (பிரசவத்துக்கு முன்), போஸ்ட்நேட்டல் (பிரசவத்துக்குப் பின்) கேஸ்கள் தனி. பகலில் பேட்ச் முழுவதும் கூடி நிற்கும், ஒருவருக்கு ஒன்று கிடைப்பதே அரிது. நைட் டூட்டியில் கூட்டம் குறைவு. அதனால் இந்தப் போஸ்டிங்கில் மட்டும் நைட் கேட்டு வாங்குங்கள்.

குழந்தை பிறந்த நேரம், எடை, 1 நிமிடத்திலும் 5 நிமிடத்திலும் ஆப்கார் (பிறந்த குழந்தையின் நிலைக்குத் தரும் மதிப்பெண்), நஞ்சுக்கொடி வெளிவந்த நேரம், ரத்த இழப்பு, தாயின் பிபி. இத்தனையும் லேபர் ரூம் ரிஜிஸ்டரில் ஏறும் அதே நேரம் உங்கள் கேஸ் புக்கிலும் (நீங்கள் செய்த கேஸ்களைப் பதியும் புத்தகம்) ஏறட்டும். ரிஜிஸ்டர் எண்ணையும் குறித்து, உங்களோடு நின்ற சிஸ்டர் டூட்டி மாறிப் போகும் முன் அவரிடமே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.