பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) கேம் கன்சோலில் யூடியூப் பார்க்கிறீர்களா?

கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டித் தேடுவதற்குள் படம் பார்க்கும் ஆசையே போய்விடும். அதற்கு நல்ல வழி இருக்கிறது. பிஎஸ்4-இல் யூடியூப் செயலியின் செட்டிங்ஸில் டிவி கோடு ஒன்று கிடைக்கும். அதை மொபைல் யூடியூப் செட்டிங்ஸில் டிவியில் பார்ப்பதற்கான பகுதியில் போட்டுவிட்டால், அப்புறம் தேடுவது, நிறுத்துவது எல்லாம் மொபைலிலேயே. தமிழிலும் டைப் செய்யலாம்!

வீடியோ அடிக்கடி சுற்றிக்கொண்டே நிற்கிறதா? 2013-இல் வந்த முதல் பிஎஸ்4 மாடலில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான். பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் பெரும்பாலும் அதே அலைவரிசையில்தான் நெரிசலாக ஓடும். ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்துச் செருகுங்கள். ஸ்லிம், புரோ மாடல் என்றால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.