கீல் உடைந்த லேப்டாப்பும் பழைய திங்க்பேடும்

வேலூர் சத்துவாச்சாரியில் மாடி வீடு. மே மாத வெயிலில் என் லேப்டாப் ஏற்கெனவே அனலாய்க் கொதிக்கும். ஒருநாள் மூடியைத் திறந்தபோது கீல் பிய்ந்து, திரைக்குப் போகும் கேபிளும் அறுந்தது. பாலாற்றில் தண்ணீர் மாதிரி, பேர் மட்டும் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. சரிசெய்ய 14,000 ரூபாய் கேட்டார்கள். நான்கு ஜிபி ரேம் உள்ள பெட்டிக்கு அது தண்டம்.

"புதுசு வாங்காத மாமா, ஆபீஸ்ல கழிச்ச மெஷினைப் பாரு" என்றான் காட்பாடியில் இருக்கும் அக்கா மகன். சரி என்று தேடி, 2018இல் வந்த லெனோவோவின் திங்க்பேட் டி480 லேப்டாப் ஒன்றை 18,500க்கு வாங்கினேன். இன்டெலின் எட்டாம் தலைமுறை ஐ5 சிப்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். ஏழாம் தலைமுறையில் இந்த வகை லேப்டாப் சிப்புகளுக்கு இரண்டே கோர் (கணக்குப் போடும் மூளை மாதிரி), எட்டாவதில் நான்கு. விண்டோஸ் 11 முறைப்படி ஏறுவதும் பெரும்பாலும் எட்டிலிருந்துதான்.

பணம் கொடுக்கும் முன், விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே வரும் பயாஸ் என்ற அடிப்படை செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தேன். பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு பூட்டு இருந்தால் பெரிய தலைவலி. பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்டும் ரிப்போர்ட்டும் எடுத்தேன். இதில் இரண்டு பேட்டரி. உள்ளே இருப்பது நன்றாக இருந்தது, வெளியே மாட்டுவது பாதி செத்திருந்தது. அதைச் சொல்லியே 1,000 ரூபாய் குறைத்தேன்.

அப்புறம் காலியாக இருந்த ஸ்லாட்டில் இன்னொரு எட்டு ஜிபி ரேம் (டிடிஆர்4 வகை) போட்டு 16 ஆக்கினேன். பழைய லேப்டாப்பில் ஃபைல்கள் இருந்த எஸ்எஸ்டி டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி உறையில் போட்டதும் படங்கள், கணக்குகள் எல்லாம் பத்திரமாக வந்துவிட்டன. திரை மட்டும் கொஞ்சம் மங்கல்.